அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியவர் வெளிநாட்டு வருமானத்தை வரிக்கணக்கில் காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஆடிட்டரைப் பார்க்கப் போன முதல் நாள், ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுபோனேன். டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம், 1099 என்ற வட்டி, டிவிடெண்ட் படிவம், 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்பின் ஸ்டேட்மென்ட், புரோக்கர் அனுப்பிய கணக்கு எல்லாம் அதில் இருந்தன. அவர் பையைத் திறக்கவே இல்லை. "பாஸ்போர்ட் குடுங்க தம்பி" என்றார். முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு வெள்ளைத் தாளில் வந்த தேதி, போன தேதி என்று எழுதி, நாட்களைக் கூட்டினார். அரை மணி நேரம் அந்த வேலைதான் நடந்தது.

அன்று எனக்கு எரிச்சல். ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். பணம் எந்த வங்கியில் கிடக்கிறது, எந்த நாணயத்தில் வந்தது என்பதெல்லாம் அப்புறம். நீங்கள் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள், எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் வரியே முடிவாகிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் கணக்கையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 2013 ஆகஸ்டில் எல்1 விசாவில் (நிறுவனமே தன் ஊழியரை அனுப்பும் விசா) நியூ ஜெர்சி போய், அப்புறம் எச்1பி வேலை விசாவுக்கு மாறி, 2022 செப்டம்பர் 14 அன்று நிரந்தரமாகத் திரும்பினேன். கிரீன் கார்டு கிடையாது. அது இருந்தால் கதை வேறு, கீழே சொல்கிறேன்.

நாட்களை எண்ணுங்கள்

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஒரு வருடத்துக்குள் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் ரெசிடென்ட். இன்னொரு விதியும் உண்டு: அந்த வருடம் 60 நாள், அதற்கு முந்தைய 4 வருடங்களில் மொத்தம் 365 நாள் இருந்தாலும் ரெசிடென்ட்தான். விடுமுறைக்கு வந்துபோகும் இந்தியக் குடிமக்களுக்கு இந்த 60 நாள் வரம்பு 182 ஆகத் தளர்கிறது. இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் என்றால் 120. ஆனால் சட்டத்தில் இருக்கும் சொல் 'வருகை'. பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தவர் அந்தச் சலுகையைக் கோரலாமா என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. முந்தைய 4 வருடங்களில் அடிக்கடி ஊருக்கு வந்துபோனவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நான் வந்தது செப்டம்பர் 14. அந்த மாதம் 17 நாள், அக்டோபரிலிருந்து மார்ச் வரை 182 நாள், ஆக 199. 2022-23இல் ரெசிடென்ட் ஆகிவிட்டேன். அக்டோபர் 2 அன்று இறங்கியிருந்தால் 181தான் வந்திருக்கும். பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால், நல்ல நாள் பார்க்கும் காலண்டரோடு இந்தக் கணக்கையும் ஒரு தரம் பாருங்கள். லீப் வருடம் என்றால் ஒரு நாள் தள்ளும். வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணுவது பாதுகாப்பு.

ரெசிடென்ட் என்றதும் பயப்பட வேண்டாம். அதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு. முழு ரெசிடென்ட் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். 'சாதாரண ரெசிடென்ட் அல்லாதவர்' என்ற இடைநிலையில் இருப்பவருக்கு வெளிநாட்டு வருமானம் பெரும்பாலும் கணக்கில் வராது. ஆடிட்டர்கள் இதை ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். கீழே உள்ள இரண்டில் ஒன்று பொருந்தினால் அந்த நிலை கிடைக்கும்:

- முந்தைய 10 நிதியாண்டுகளில் 9இல் நீங்கள் என்.ஆர்.ஐ.
- முந்தைய 7 நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729 அல்லது அதற்குக் கீழ்.

ஒவ்வொரு வருடமும் இதைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு 2022-23, 2023-24 இரண்டும் முதல் விதியிலேயே தேறின. 2024-25இல் அது கைவிட்டது, என்.ஆர்.ஐ. வருடங்கள் 8 ஆகக் குறைந்துவிட்டன. அப்போது இரண்டாவது விதி காப்பாற்றியது: 199 + 366 = 565, அதோடு பழைய மூன்று விடுமுறைப் பயணங்களில் 105 நாள், ஆக 670. வரம்புக்கு 59 நாள் மிச்சம். 2025-26இல் இரண்டு விதியுமே இல்லை. முழு ரெசிடென்ட்.

அந்த 59 நாள் எவ்வளவு மெல்லிய இடைவெளி என்பது நண்பர் ஒருவரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. 2020 மார்ச்சில் அம்மாவைப் பார்க்க வந்தவர், பொதுமுடக்கத்தில் மாட்டி நவம்பரில்தான் திரும்பினார். நான் வந்த அதே மாதம்தான் அவரும் நிரந்தரமாக வந்தார். அந்த எட்டு மாதத்தால் அவருக்கு ஆர்.என்.ஓ.ஆர். ஒரு வருடம் முன்னாடியே முடிந்துபோனது.

பாஸ்போர்ட் முத்திரை மங்கியிருந்தால் அமெரிக்காவின் ஐ-94 என்ற வருகைப் பதிவுத் தளத்தில் உங்கள் பயண வரலாறு கிடைக்கும், அதை இறக்கி வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

வங்கிக் கணக்குக்கு வேறு சட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா நோக்கத்தைப் பார்க்கிறது. நிரந்தரமாக இருக்க வந்துவிட்டீர்கள் என்றால் ஃபெமா கண்ணில் வந்த நாளிலிருந்தே நீங்கள் ரெசிடென்ட். என்.ஆர்.இ. கணக்கை (என்.ஆர்.ஐ.கள் வெளிநாட்டுப் பணத்தை ரூபாயில் போட்டு வைக்கும் கணக்கு) வங்கியில் சொல்லி ரெசிடென்ட் கணக்காகவோ, ஆர்.எஃப்.சி. கணக்காகவோ (திரும்பி வந்தவர் வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருந்தாலும் என்.ஆர்.இ. வட்டிக்கு உள்ள வரிவிலக்கு அந்த நாளோடு போகிறது. ஆர்.எஃப்.சி. வட்டிக்கும், என்.ஆர்.ஐ.யாக வெளிநாட்டு நாணயத்தில் போட்டு முதிர்வு வரை ஓடும் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் வட்டிக்கும் மட்டும் ஆர்.என்.ஓ.ஆர். காலத்தில் விலக்கு தொடரும். வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய சொத்து, ஷேர், வங்கிக் கணக்கு எதையும் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவற்றை வைத்திருக்க ஃபெமாவே அனுமதிக்கிறது.

எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள்?

நான் சறுக்கியது இங்கேதான். ஊர் வந்த பிறகும் பழைய நிறுவனம் டிசம்பர் கடைசி வரை வேலை செய்யச் சொன்னது. சாய்பாபா காலனி வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து, இரவு ஏழு மணிக்கு லேப்டாப் திறப்பேன். சம்பளம் வழக்கம்போல அமெரிக்க வங்கியில் விழுந்தது. அமெரிக்க வரியும் பிடித்தார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 24,000 டாலர், அன்றைய ரேட்டில் 19 லட்ச ரூபாய்க்கு மேல். அமெரிக்க நிறுவனம், அமெரிக்க வங்கி, நானோ ஆர்.என்.ஓ.ஆர்., ஆகவே இந்தியாவில் வரி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"வேல எங்க செஞ்சீங்க?" என்று ஆடிட்டர் கேட்டார். மாடியில் என்றேன். "அப்ப அது கோயம்புத்தூர் சம்பளம்."

இந்தியாவில் செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவிலேயே விளைந்த வருமானம் என்கிறது சட்டம். என்.ஆர்.ஐ., ஆர்.என்.ஓ.ஆர்., ரெசிடென்ட் எல்லாருக்கும் இதே விதி. பணம் எங்கே விழுந்தது என்பது பொருட்டே இல்லை. வெளிநாட்டு நிறுவனம் இந்திய டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்கவில்லை, நானும் முன்கூட்டிய வரி கட்டவில்லை. அதற்கு 234பி, 234சி பிரிவுகளின் கீழ் வட்டி தனியாக வந்தது. பாக்கி வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என நான்கு தவணையில் நாமே கட்டிவிட வேண்டும். ரிமோட் வேலை பார்க்கும் எல்லாரும் இந்தத் தேதிகளை ஃபோனில் போட்டு வைக்கலாம்.

ஆர்.என்.ஓ.ஆர். விலக்கு நிஜமாகவே கிடைப்பது இவற்றுக்கு: அமெரிக்க வங்கி வட்டி, டிவிடெண்ட், அங்குள்ள ஷேரை விற்ற லாபம், அங்குள்ள வீட்டு வாடகை, 401கே-யிலிருந்து எடுத்த பணம். ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பணம் முதன்முதலில் கைக்கு வருவது இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். வாடகைக்காரர் நேராக உங்கள் இந்தியக் கணக்குக்கு அனுப்பினால் அது இந்தியாவில் பெற்ற வருமானம், வரி உண்டு. அங்கே வாங்கி, பிறகு இங்கே அனுப்பிக்கொண்டால் அது வெறும் பணப் பரிமாற்றம். நிறுவனம் ஊழியருக்குச் சம்பளத்தின் பகுதியாகத் தரும் ஆர்.எஸ்.யு. ஷேர்களைப் பொறுத்தவரை, கொடுத்த நாளுக்கும் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் இந்தியாவில் வேலை செய்தீர்களோ அந்த விகிதத்துக்கு மட்டும் இங்கே சம்பளமாகக் காட்டலாம். கணக்கு கொஞ்சம் சலிப்பாக இருக்கும், செய்துதான் ஆக வேண்டும்.

அமெரிக்கப் பக்கம்: கிளம்பிய வருடம்

எச்1பி-யில் இருந்தவர் வருடத்தின் நடுவில் நிரந்தரமாகக் கிளம்பினால், அந்த வருடம் இரண்டாக உடைகிறது. கிளம்பிய நாள் வரை ரெசிடென்ட், அதற்குப் பிறகு நான்-ரெசிடென்ட். இப்படி உடைய, கிளம்பிய பிறகு உங்கள் வேலையும் வாழ்க்கையும் இந்தியாவோடுதான் நெருக்கம் என்று காட்ட முடிய வேண்டும். இல்லையென்றால் டிசம்பர் 31 வரை ரெசிடென்ட் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

டிசம்பர் 31 அன்று நான்-ரெசிடென்ட் என்பதால் முதன்மைப் படிவம் 1040-என்.ஆர்., அதாவது நான்-ரெசிடென்டுக்கான வரி ரிட்டர்ன். அதன் தலைப்பில் டூயல்-ஸ்டேட்டஸ் ரிட்டர்ன் என்று எழுதி, ரெசிடென்ட் காலத்துக்கான வழக்கமான ரிட்டர்ன் படிவமான 1040-ஐ அறிக்கையாகப் பின்னால் இணைக்க வேண்டும். இந்த வருடத்துக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (எல்லாருக்கும் பொதுவாகத் தரும் நிலையான கழிவு) கிடையாது. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யவும் முடியாது. மாநில வரி இருக்கும் இடம் என்றால் பகுதி வருட ரெசிடென்டாக மாநில ரிட்டர்னும் தனி. நான் நியூ ஜெர்சிக்குப் போட்டேன். டெக்சாஸ்காரர்களுக்கு மாநில வருமான வரியே இல்லாததால் அந்த வேலை மிச்சம்.

என் மாடி அறைச் சம்பளத்துக்கு இங்கே ஒரு வழி கிடைத்தது. நான்-ரெசிடென்ட் காலத்தில் அமெரிக்காவுக்கு வெளியே செய்த வேலைக்கு அமெரிக்க வருமான வரி கிடையாது. அதனால் அந்த 24,000 டாலரை 1040-என்.ஆரில் விலக்கி, எந்தத் தேதியிலிருந்து இந்தியாவில் வேலை செய்தேன் என்று நிறுவனத்திடம் கடிதம் வாங்கி இணைத்து, பிடித்த ஃபெடரல் வரியைத் திருப்பிக் கேட்டேன். தபாலில்தான் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வந்தது. இந்தியாவில் வரி வரவு கேட்டால், அதாவது அங்கே பிடித்ததை இந்திய வரியில் கழித்துக்கொண்டால், போதாதா என்று தோன்றலாம். போதாது. அமெரிக்காவுக்குச் சேர வேண்டியதே இல்லாத வரிக்கு இந்தியா வரவு தரத் தேவையில்லை. அதை எடுத்தவரிடமே போய்க் கேட்க வேண்டும்.

அமெரிக்க ரெசிடென்டாக இருந்த வருடங்களில் இந்தியக் கணக்குகளையும் அங்கே காட்டியிருக்க வேண்டும் என்பதைப் பலர் திரும்பி வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை உண்டு. ஏப்ரல் 15 கெடு, தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். கிளம்பிய வருடத்துக்கும் நான் போட்டேன். அங்கே வசிக்கும் தனிநபருக்கு வருடக் கடைசியில் வெளிநாட்டு நிதிச் சொத்து 50,000 டாலரைத் தாண்டினால் அதைக் காட்டும் 8938 படிவமும் சேரும். இன்னொன்று, என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில்தான் விலக்கு. அமெரிக்க ரிட்டர்னில் அது வரிக்குரிய வருமானமே.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் அமெரிக்கக் குடிமக்களும் இந்தியா வந்துவிட்டாலும் அமெரிக்க ரிட்டர்னிலிருந்து தப்ப முடியாது. குடிமகனுக்கு ஆயுள் முழுக்க உலக வருமானக் கணக்கு. கிரீன் கார்டுக்கு ஐ-407 கொடுத்து முறைப்படி ஒப்படைக்கும் வரை. 15 வருடத்தில் 8 வருடம் கார்டு வைத்திருந்தவர் ஒப்படைத்தால், வெளியேறும் வரி விதி பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டு வாங்கினால் அமெரிக்கக் கண்ணில் அது பி.எஃப்.ஐ.சி. (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்ற தொல்லை, அதற்கு 8621 என்று தனிப் படிவம். 8621 படிவம் நிரப்பிப் பழகிய அமெரிக்க வரி ஆலோசகர் இல்லாமல் இந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் எதையும் தொடாதீர்கள்.

ஆர்.என்.ஓ.ஆர். வருடங்களில் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள்

இந்த இரண்டு மூன்று வருடம் திரும்ப வராது. நான் செய்ததும் செய்யத் தவறியதும் இவை.

ஷேர்கள்: அமெரிக்க நான்-ரெசிடென்டுக்கு அங்குள்ள பங்குகளை விற்ற லாபத்தில் பொதுவாக அமெரிக்க வரி இல்லை. ஆர்.என்.ஓ.ஆருக்கு இந்தியாவிலும் இல்லை. லாபத்தில் இருக்கும் பங்கை இந்தச் சமயத்தில் விற்று, விருப்பமிருந்தால் அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய விலை இன்றைய விலைக்கு உயர்ந்துவிடும். முழு ரெசிடென்ட் ஆன பிறகு அதே பங்கை விற்றால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதற்குள் என்றால் உங்கள் வரி அடுக்கின்படி. நான் பாதியைத்தான் இப்படிச் செய்தேன். மீதியைச் சோம்பலில் விட்டது இப்போதும் உறுத்துகிறது.

புரோக்கர்: முகவரி மாறியதைச் சொல்லி, அமெரிக்க ரெசிடென்ட் என்று சொல்லும் டபிள்யூ-9 இருந்த இடத்தில், நான்-ரெசிடென்ட் என்று சொல்லும் டபிள்யூ-8 பென் படிவத்தைக் கொடுங்கள். இந்திய முகவரி என்றதும் கணக்கை முடக்கும் புரோக்கர்களும் இருக்கிறார்கள், ஆகவே கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. இந்தப் படிவம் இருந்தால் டிவிடெண்டில் 30 சதவீதத்துக்குப் பதில் இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி 25 சதவீதம் பிடிப்பார்கள். வங்கி வட்டிக்கு அமெரிக்காவில் வரியே இருக்காது.

சின்னக் கணக்குகள்: 40 டாலர் கிடக்கும் பழைய சேமிப்புக் கணக்கு, மறந்துபோன ஹெல்த் சேவிங்ஸ் கணக்கு எல்லாவற்றையும் மூடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியைப் படித்தால் புரியும்.

முழு ரெசிடென்ட் ஆன முதல் வருடம்

எனக்கு அது 2025-26. இந்த வருமானத்துக்கு 1961ஆம் வருடச் சட்டப்படிதான் ரிட்டர்ன். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன, 'மதிப்பீட்டு ஆண்டு' (சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) போய் 'வரி ஆண்டு' வருகிறது. ஆகவே நான் சொல்லும் எண்கள் பழைய சட்டத்தின் எண்கள்.

ஐ.டி.ஆர்.-1 உங்களுக்கு ஆகாது. வியாபாரம் இல்லாதவருக்கு ஐ.டி.ஆர்.-2. அதில் மூன்று ஷெட்யூல் புதிதாகத் திறக்கும்: எஃப்.எஸ்.ஐ.-யில் வெளிநாட்டு வருமானம், டி.ஆரில் அதற்குக் கோரும் வரி வரவு, எஃப்.ஏ.-வில் வெளிநாட்டுச் சொத்து. ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருந்தவரை எஃப்.ஏ. தேவையில்லை. முழு ரெசிடென்ட் ஆனதும் ஒரு டாலர் வருமானம் இல்லாவிட்டாலும் அது கட்டாயம்.

எஃப்.ஏ.-வில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரிட்டர்ன் நிதியாண்டுக்கானது, ஆனால் எஃப்.ஏ. காலண்டர் வருடத்துக்கானது. 2025-26 ரிட்டர்னில் 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை இருந்த சொத்துகளைக் காட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் மூடிய கணக்கும் இதில் வரும். 2026 பிப்ரவரியில் வாங்கிய ஷேர் அடுத்த வருடத்துக்குப் போகும்.

வங்கிக் கணக்கு ஏ1 அட்டவணையில்: வங்கி முகவரி, ஜிப் கோடு, கணக்கு எண், திறந்த தேதி, வருடத்தில் இருந்த உச்சபட்ச இருப்பு, டிசம்பர் 31 இருப்பு, வட்டி. புரோக்கர் கணக்கு ஏ2-வில், பங்குகள் ஏ3-இல். வீடு இருந்தால் சி அட்டவணை. 401கே-யை எந்த அட்டவணையில் போடுவது என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் ஏ2-வில் போடுகிறேன், வருடா வருடம் அதையே தொடர்வேன். மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால், அவரும் முழு ரெசிடென்ட் ஆகியிருந்தால், இருவர் ரிட்டர்னிலும் வர வேண்டும்.

ஏ3-தான் நேரத்தைத் தின்னும். ஆர்.எஸ்.யு. கைக்கு வந்த ஒவ்வொரு தேதியும் தனி வரி. என்னிடம் 11 வரி இருந்தன. ஒன்றைக் காட்டுகிறேன், எண்களை எளிதாக்கியிருக்கிறேன். 2021 மே மாதம் வந்த 24 ஷேர், அன்று விலை 150 டாலர், ரேட் 73 ரூபாய்: ஆரம்ப மதிப்பு 2,62,800. 2025இல் விலை உச்சம் தொட்ட நாளில் 210 டாலர், அன்று ரேட் 85: உச்ச மதிப்பு 4,28,400. டிசம்பர் 31 அன்று 195 டாலர், ரேட் 89: 4,16,520. அப்புறம் அந்த 24 ஷேருக்கு வந்த டிவிடெண்ட், விற்றிருந்தால் விற்ற தொகை. இதை 11 தரம் செய்ய வேண்டும். முதல் வருடம் எக்செல்லில் ஒழுங்காகப் போட்டுவிட்டால் அடுத்த வருடம் ஆரம்ப மதிப்பைத் தவிர மற்ற நிரல்களை மாற்றினால் போதும்.

'சின்னத் தொகைதானே' என்று விடுவது ஆபத்து. வெளிநாட்டுச் சொத்தை மறைத்தால் 2015ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்ச ரூபாய் அபராதம். சொத்தின் மதிப்பைவிட அபராதம் பெரிதாக வரக்கூடிய விசித்திரம் இதில்தான். 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் தவிர்த்த சொத்துகள் மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். அபராதம்தான் இல்லை, காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. தெரியவா போகிறது என்றும் நினைக்காதீர்கள். இந்தியாவும் அமெரிக்காவும் 2015இல் ஃபாட்கா ஒப்பந்தம் போட்டுக் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. 2024 நவம்பரில் வருமான வரித் துறை, வெளிநாட்டுச் சொத்து இருப்பதாகத் தகவல் வந்தவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் மின்னஞ்சலும் அனுப்பி நினைவூட்டியது.

401கே-க்கு இன்னொரு வேலை. முழு ரெசிடென்ட் ஆனதும் அந்தக் கணக்குக்குள் வருடா வருடம் சேரும் வருமானத்துக்கு இந்தியா வரி கேட்கலாம். அமெரிக்காவோ பணத்தை எடுக்கும்போதுதான் கேட்கும். இந்த முரணுக்காக வந்ததுதான் 89ஏ பிரிவு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்று நாட்டு ஓய்வூதியக் கணக்குகளுக்கு மட்டும் பொருந்தும். 10-இ.இ. படிவத்தை ரிட்டர்ன் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், எடுக்கும் வருடத்தில் வரி கட்டினால் போதும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வாங்க முடியாது. முதல் வருடமே செய்துவிடுங்கள்.

வரி வரவும் ஃபார்ம் 67-ம்

ஒரே டிவிடெண்டுக்கு இரண்டு நாடும் வரி எடுக்கும்போது, அமெரிக்காவில் பிடித்ததை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். இரண்டில் எது குறைவோ அது வரை மட்டும்.

400 டாலர் டிவிடெண்ட், 25 சதவீதம் பிடித்து 300 கைக்கு வந்தது. ரேட் 85 என்று வையுங்கள். வருமானமாகக் காட்ட வேண்டியது 34,000 ரூபாய், கைக்கு வந்த 25,500 அல்ல. அமெரிக்க வரி 8,500. உங்கள் மொத்த இந்திய வரியின் சராசரி விகிதம் 30 என்றால், இந்த வருமானத்துக்கு இந்திய வரி 10,200. வரவு போக 1,700 கட்டுங்கள். சராசரி 18 என்றால் இந்திய வரி 6,120, வரவும் அவ்வளவுதான். மிச்சம் 2,380 போனது போனதுதான். அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்ல வழியில்லை.

வரவு கேட்க ஃபார்ம் 67-ஐ இணையதளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் போடலாம் என்று 2022இல் தளர்த்தினாலும், ரிட்டர்னுக்கு முன்னாலேயே போட்டுவிடுவதே என் பழக்கம். இல்லாவிட்டால் ரிட்டர்ன் செயலாக்கத்தில் வரவை வெட்டி டிமாண்ட் நோட்டீஸ் வருகிறது, பிறகு அதற்கு அலைய வேண்டும். ஆதாரமாக, நான்-ரெசிடென்டிடம் அமெரிக்காவில் பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவத்தை இணையுங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்குப் பிடித்தது வருமான வரி அல்ல, அதற்கு வரவு இல்லை.

அமெரிக்கப் படிவம் காலண்டர் வருடம், நம் ரிட்டர்ன் ஏப்ரல்-மார்ச். 1042-எஸ் எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் தப்பாகிவிடும். புரோக்கரின் மாதாந்திர ஸ்டேட்மென்டை வைத்து ஏப்ரல் முதல் மார்ச் வரை நீங்களே கூட்ட வேண்டும்.

எந்தத் தேதி ரேட்?

கூகுளில் வரும் ரேட் செல்லாது. ஸ்டேட் பேங்கின் டி.டி. (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட்தான் விதி, அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வங்கி வாங்கும் ரேட். சம்பளம், டிவிடெண்ட், ஷேர் விற்ற லாபம் மூன்றுக்கும் அந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் ரேட். வங்கி வட்டிக்கும் வாடகைக்கும் மார்ச் 31 ரேட். வரி வரவுக்கு, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள். எஃப்.ஏ.-வுக்கு மட்டும் அந்தந்தத் தேதி ரேட். வங்கி தன் தளத்தில் போடும் அன்றாட ரேட் தாளில் பழைய தேதியைத் தேடுவது பெரும்பாடு. மாதக் கடைசியில் அந்தத் தாளை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன், ஒரு நிமிட வேலை.

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ திரும்புகிறவர்களுக்கும் நாள் கணக்கு, ஆர்.என்.ஓ.ஆர்., எஃப்.ஏ. எல்லாம் இதேதான். வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லாததால் வரவு கேட்கவும் எதுவும் இல்லை. சிங்கப்பூரில் நிறுவனம் ஐ.ஆர்.21 என்ற படிவத்தைப் போட்டு வரிக் கணக்கை முடித்துத்தான் கடைசிச் சம்பளத்தை விடும்.

கடைசியாக, இந்த ஜனவரியில் நான் பட்டது. டபிள்யூ-8 பென் கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் வருடக் கடைசி வரைதான் செல்லும். 2022 அக்டோபரில் போட்ட என் படிவம் 2025 டிசம்பர் 31 அன்று காலாவதி. புரோக்கரின் நினைவூட்டல் ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. ஜனவரி டிவிடெண்டில் 30 சதவீதம் பிடித்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி 25-க்குத்தான் இந்தியாவில் வரவு உண்டு, மேலே போன 5 சதவீதத்துக்கு அமெரிக்காவில் 1040-என்.ஆர். போட்டுத்தான் கேட்க வேண்டும். தொகை பத்தொன்பது டாலர். புதுப் படிவத்தில் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பத்தொன்பது டாலரை விட்டுவிட்டேன்.